திராட்சைச் சரிவுக்கு ஒரு பயணத் திட்டம்

நாள்தோறும் கையில் ஏந்தும் ஒரு பொருள் எங்கே விளைகிறது, எவர் உழைப்பால் உருவாகிறது என்று அறியாமலே மனிதன் தன் வாழ்நாளைக் கழித்துவிடக் கூடும். குருத்துவ வாழ்வின் 25 ஆண்டுகளில் நாம் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான திருப்பலிகளை ஒப்புக்கொடுத்திருப்போம். ஒவ்வொரு நாளும் கிண்ணத்தில் சிறிது திராட்சை இரசம் வார்த்திருக்கிறோம். அது திராட்சைக் கனியினின்று இயல்பாகப் பெறப்பட்டதாகவும், கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்னும் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதியைக் குருமடத்தில் கற்றுத் தேர்வும் எழுதினோம். ஆயினும் இரசத்துக்கென்றே வளர்க்கப்படும் திராட்சைக் கொடி ஒன்றையேனும் நாம் கண்ணால் கண்டதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைக் கண்டிருக்கிறோம். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சை, பந்தலின் கீழ்க் குலை குலையாகத் தொங்கும். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். ஐரோப்பாவின் கொடியோ ஆண்டுக்கு ஒரே முறை பலன் தந்துவிட்டு, இலைகளை உதிர்த்து, குளிரில் உறங்கிவிடுவது.

வெள்ளிவிழா ஆண்டில் உடன்பிறந்தோரும் பங்கு மக்களில் சிலரும் சேர்ந்து ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்கு வழிசெய்தனர். எங்கே போக விருப்பம் என்று கேட்டபோது, திராட்சைத் தோட்டங்களைக் காண வேண்டும் என்றோம். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் தம்பி உடனே ஒரு திட்டத்தைக் கட்டம் கட்டி எழுதிக்கொண்டு வந்தார். பத்து நாள்களில் சாம்பேன், அல்சாசு, பர்கண்டி, போர்தோ ஆகிய நான்கு திராட்சை நாடுகள், இடையில் லூர்து நகர், இறுதியில் பாரிசு. வங்கிக் கணக்கைப் போலவே ஒரு காசு பிசகாத திட்டம். அதனை, பிரான்சு நாட்டு மறைமாவட்டம் ஒன்றில் பணியாற்றும் நம் குருமடத் தோழருக்கு அனுப்பினோம். இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர் ஆலயங்களை ஒருவராகக் கவனித்து வருபவர் அவர். ஆதலால் தூரம் என்றால் என்னவென்று அறிந்தவர். அவருடைய மறுமொழி இரண்டு வரிகளில் வந்தது: "இத்திட்டத்தின்படி நீர் காணப்போவது இரயில் நிலையங்களை. ஒரே ஒரு சரிவைத் தேர்ந்தெடும், அங்கேயே தங்கும், நடந்து பாரும்."

முதன்முறை ஒரு திராட்சை நாட்டுக்குச் செல்பவருக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை இருக்க முடியாது என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. போர்தோ பரந்து கிடப்பது. கார் இன்றி அதனைச் சுற்றுதல் கடினம். சாம்பேன் இரசத்தைப் பெரும் நிறுவனங்களின் நிலவறைகளில் காணலாம். ஆனால் நாம் காண விரும்பியது மண்ணை. எனவே பர்கண்டியில், கோத் தோர் என்னும் சரிவைத் தேர்ந்தோம். திஜோன் நகரிலிருந்து தெற்கு நோக்கி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்லும் தாழ்வான குன்றுத் தொடர் அது. கிழக்கு முகமாய்க் காலைக் கதிரவனைப் பார்த்து நிற்பது. பெயர்பெற்ற தோட்டங்கள் உள்ள பகுதியின் அகலம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. ஊருக்கு ஊர் நடந்தே போய்விடலாம்.

இத்துணைச் சிறிய நிலத்துக்கு இத்துணைப் பெரிய பெயர் எவ்வாறு வந்தது? அங்கே சிவப்பு இரசத்துக்குப் பினோ நுவார், வெள்ளை இரசத்துக்குச் சார்தொனே என்று பெரும்பாலும் இரண்டே வகைத் திராட்சைகள். 1395ஆம் ஆண்டிலேயே பர்கண்டிக் கோமகன் பிலிப்பு, கமே என்னும் மிகுவிளைச்சல் கொடியைப் பிடுங்கி எறியுமாறு ஆணையிட்டான். கொடி ஒன்றே ஆனபோதும் வரப்புக்கு வரப்புச் சுவை மாறுகிறதென்றால் அது மண்ணாலும் சரிவாலும் வருவது. மேட்டில் மண் மெலிந்து பாறை தலைகாட்டும். பள்ளத்தில் ஈரம் தங்கும். இடையில் உள்ள நிலமே சிறந்தது. நம் ஊர்களில் ஆலமரத்தடி வயல், மேட்டுக்காடு, பள்ளத்துச் செய் என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் இருப்பதைப் போல, அச்சரிவில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அவ்வாறு பெயர் பெற்ற 1,247 துண்டு நிலங்களை 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. நம் வயல்களின் பெயர்கள் பத்திரப் பதிவில் சர்வே எண்களாகக் கரைந்துபோய்க்கொண்டிருக்கின்றன என்பதை எண்ணும்போது சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது.

அந்த மண்ணைப் பகுத்துப் பார்த்தவர்களில் முதன்மையானவர்கள் துறவியர். 1098ஆம் ஆண்டில் மோலேம் மடத்து ராபர்ட்டு என்பவர், புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை அதன் முழுக் கடுமையோடு வாழ விரும்பிச் சில தோழர்களோடு சீத்தோ என்னும் சதுப்பு நிலத்தில் குடியேறினார். அங்கிருந்து வளர்ந்ததே சிஸ்டர்சியன் சபை. புனித பெர்னார்து இளைஞராய் வந்து சேர்ந்தது இம்மடத்தில்தான். சதுப்பில் திராட்சை வளராது. ஆதலால் மேற்கே, சரிவின் அடியில் உள்ள வூழோவில், தானமாகவும் விலைக்கும் நிலம் பெற்றுத் தோட்டமிட்டனர். சுற்றிலும் மதில் எழுப்பினர். துறவியர் மண்ணை நாவில் இட்டுச் சுவைத்துத் தரம் பிரித்தனர் என்றொரு கதையை வழிகாட்டிகள் கூறுவதுண்டாம். நமக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு, கண்டதை அடுத்தவருக்குச் சொல்லி வைத்தனர் என்பதே போதிய விளக்கம். தனி ஒருவரால் ஆகாததை மடம் செய்தது. ஒரு துறவி இறந்தாலும் மடம் இறப்பதில்லை அல்லவா?

அந்த மதில் சூழ்ந்த தோட்டம், ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்பில், இன்றும் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு அதனைப் பறிமுதல் செய்து விற்றது. பல கைகள் மாறி, பிள்ளைகளுக்குச் சம பங்கு தரும் சட்டத்தால் மேலும் துண்டுபட்டு, இப்போது ஏறக்குறைய எண்பது உடைமையாளர்கள் அதனைப் பங்கிட்டு வைத்திருக்கின்றனர். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம். பாகப்பிரிவினையில் வரப்புகள் பெருகும் கதையை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே புட்டியின் மேல் தோட்டத்தின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும், உள்ளே இருப்பது எண்பது வேறு வேறு கைகளின் வேலை. இதனால்தான், அங்குச் செல்பவர் தோட்டத்தின் பெயரோடு உழவரின் பெயரையும் கேட்டறிய வேண்டும் என்கிறார் தோழர். துறவியர் கட்டிய ஆலைக் கூடத்தில் அவர்களுடைய மாபெரும் மரச் செக்குகளைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்களாம். அதற்கென்று ஒரு முழு முற்பகலை ஒதுக்கியிருக்கிறோம்.

எந்த மாதத்தில் செல்வது என்பதே நம்மை நெடுநாள் அலைக்கழித்தது. அறுவடையைக் காண ஆசை. ஆனால் அறுவடை வாரங்களில் உழவர் வீட்டுக் கதவைத் தட்டுவது, திருவிழா நாளன்று பங்குத்தந்தையிடம் பழைய ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதற்கு ஒப்பானது. மேலும் அறுவடை எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்வதே இப்போது அரிதாகிவிட்டது. போன் நகரத்தின் (தொலைபேசியை நினைவூட்டும் பெயர்தான், என் செய்வது!) அறுவடை நாள்களை 1354ஆம் ஆண்டு முதல் 2018 வரை தொடர்ச்சியாகத் தொகுத்து ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பங்கு ஆலயத்தின் பழைய கணக்கேடுகளில், அறுவடைக் கூலி கொடுத்த நாள்களைக் கொண்டே பெரும்பகுதியைக் கண்டறிந்தனர். முற்காலத்தில் சராசரியாகச் செப்டம்பர் இறுதியில் தொடங்கிய அறுவடை, 1988க்குப் பிறகு ஏறத்தாழ இரு வாரம் முந்தி வருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கணக்கேட்டை ஒழுங்காக எழுதுமாறு நம் ஆலயக் கணக்கரை வற்புறுத்தும்போதெல்லாம் இதனை எடுத்துக் கூறுகிறோம், அவர் சிரித்துக்கொள்கிறார்.

ஜனவரியில் சென்றால் புனித வின்சென்ட் திருநாளைக் காணலாம். நாம் அறிந்த ஏழைகளின் நண்பர் வின்சென்ட் தே பவுல் அல்லர் இவர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் இரத்தம் சிந்திய திருத்தொண்டர், திராட்சை உழவர்களின் பாதுகாவலர். அவருடைய திருநாளாகிய 22ஆம் தேதியை ஒட்டி, 1938 முதல் ஆண்டுக்கு ஓர் ஊராகச் சுற்றி, அவர் சுரூபங்களைத் தோளில் சுமந்து பவனி செல்கின்றனர். ஒவ்வோர் ஊரிலும் அவர் பெயரால் உழவர் சங்கம் உண்டு. ஓர் உழவன் நோயுற்றுப் படுத்துவிட்டால், சங்கத்தார் அவன் கொடிகளுக்கு வேண்டிய வேலையைச் செய்து கொடுத்து உதவுவது மரபு. பவனியைக் காட்டிலும் இச்செய்தியே நம் மனத்தைத் தொட்டது. ஆனால் அம்மாதத்துக் குளிரை நம் மூட்டுகள் தாங்கா. ஆகஸ்டில் பலர் கடையடைத்து விடுமுறை போய்விடுவர். நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று போன் நகரில் புகழ்பெற்ற ஏலம் நடக்கும், அறை கிடைக்காது. கடைசியில் ஜூன் மாதத்தைத் தேர்ந்தோம். 13ஆம் தேதி புனித அந்தோனியார் திருவிழா முடிந்த மறு வாரம் புறப்படுவதாகத் திட்டம். அப்போது கொடி பூத்து முடிந்து, பிஞ்சுகள் மிளகளவு திரண்டிருக்கும். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பூத்த நூறாம் நாள் அறுவடை என்பது அங்கே பழைய கணக்கு.

தங்குவது போன் நகரில். பாரிசிலிருந்து திஜோனுக்கு விரைவு இரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து சிறு இரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். பொம்மார் என்னும் புகழ்பெற்ற ஊர் அங்கிருந்து ஒரு மணி நேர நடை. ஞாயிறும் திங்களும் கடைகள் பல அடைத்திருக்கும். நண்பகல் இரண்டு மணி நேரம் எவரும் வாசலில் நிற்கமாட்டார். உழவர் வீடுகளுக்கு முன்னரே எழுதி நேரம் பெற்றாக வேண்டும். விசாவுக்கு 30,000 யூரோ ஈட்டுறுதி கொண்ட மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதைத் தம்பி மறவாமல் குறித்து வைத்திருக்கிறார்.

இவ்வளவும் முடிவான நிலையில், ஒருநாள் மாலை செபம் முடிந்து கோயில் வாசலில் ஒரு பெண்மணி நம்மை நிறுத்தினார். கணவர் கொத்தனார், கைத்திறன் மிக்கவர், வாரக் கூலியில் பாதி வீடு வந்து சேர்வதில்லை. மூத்த மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குப் போகிறாள். "சாமி, கடைய மூடணும்னு எங்களையெல்லாம் கையெழுத்துப் போட வச்சீங்க. இப்ப அது விளையிற ஊரையே பாக்கப் போறீங்களாமே?" என்று கேட்டார். குறை கூறும் தொனி இல்லை. உண்மையாகவே அறிய விரும்பியதாக இருந்தது.

அது இரசம், மது அன்று என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்கு அந்தச் சொல் ஒரு வசதியைத் தந்திருக்கிறது. புளிப்பதற்கு முன்னுள்ள சாறும் புளித்த பின்னுள்ள மதுவும் அதில் ஒன்றாய் மறைந்துவிடுகின்றன. ஆனால் திராட்சை இரசத்திலும் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு சாராயம் உண்டு. நம் ஊர்க் கடையில் விற்கும் பிராந்தியில் 42.8 பங்கு. அளவில் வேறுபாடு பெரிது, பொருள் ஒன்றே. திமொத்தேயுவின் வயிற்றுக்காகச் சிறிது இரசம் அருந்துமாறு பவுலடியார் எழுதியதை மட்டும், வேறெந்த வசனமும் அறியாத குடியர்கள் மனப்பாடமாய் வைத்திருப்பதை எல்லாப் பங்குத்தந்தையரும் அறிவர். பிரான்சு நாட்டாரும் இத்துன்பத்துக்கு விலக்கானவர் அல்லர். 1960களின் தொடக்கத்தில் அங்கே ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கும் அதிகமாக இரசம் செலவாயிற்று. இப்போது அதில் பாதிகூட இல்லை. 1991இல் மது விளம்பரங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்து ஒரு சட்டமும் இயற்றினர். கேடு இல்லாத இடத்தில் சட்டம் எதற்கு?

ஆகவே அப்பெண்மணியிடம், "நீங்கள் கேட்டதை அங்கேயும் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்கிறேன், அம்மா" என்றோம். வெறும் சமாதானமாக அதனைச் சொல்லவில்லை. அன்றிரவே திட்டத்தை மறுபடியும் எடுத்துத் திருத்தினோம். சுவை பார்க்கும் இடங்களை இரண்டாகக் குறைத்தோம். அங்கும் சுவைத்துவிட்டு அதற்கென வைத்துள்ள கலத்தில் துப்பிவிடுவதே முறை; இரசம் வாங்க வரும் வணிகரும் அவ்வாறே செய்கின்றனர், அதனை எவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. உலகின் மிக விலையுயர்ந்த இரசம் விளையும் ரோமனே கோந்தித் தோட்டத்தை, இரண்டு ஹெக்டேருக்கும் குறைவான அந்த நிலத்தை, குட்டை மதிலுக்கு இப்பால் நின்று பார்த்துக்கொள்ளலாம். ஓரத்தில் கற்சிலுவை ஒன்று இருக்கிறது. பார்க்கக் காசில்லை.

மிஞ்சிய ஒரு நாள் முழுவதையும் போன் நகரத்துப் பழைய மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டோம். நூறாண்டுப் போரின் இறுதிக் காலத்தில், கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலேனும் அவர் மனைவி கிகோன் அம்மையாரும் ஏழை நோயாளிகளுக்கென 1443ஆம் ஆண்டில் நிறுவியது அது. 1452 ஜனவரி முதல் நாள் முதல் நோயாளி உள்ளே வந்தார். அக்கட்டடத்தில் 1971 வரை நோயாளிகள் இருந்தனர். பெரிய கூடத்தின் இரு புறமும் திரையிட்ட கட்டில்கள்; கோடியில் பீடம்; படுத்தபடியே திருப்பலி காணலாம். ரோகியர் வான் தெர் வெய்டன் தீட்டிய பொதுத்தீர்வைப் படம் அந்தப் பீடத்துக்கென்றே வரையப்பட்டது. நலம்பெற்றோரும் செல்வரும் மருத்துவமனைக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்தனர். இன்று ஏறத்தாழ 60 ஹெக்டேர். அவற்றின் இரசமே 1859 முதல் நவம்பர் ஏலத்தில் விற்கப்படுகிறது. பணம் மருத்துவப் பணிக்குச் செல்கிறது. மதுவின் வருவாயைக் கொண்டு நோயாளிகளைப் பேணுவது முறையா என்று நம் வாசகர் ஒருவர் கேட்கக் கூடும். நாமும் கேட்டுக்கொண்டோம். அந்தக் கூடத்தில் நின்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசி நாள் சீத்தோவுக்கு. புரட்சியில் வெளியேற்றப்பட்ட துறவியர் 1898இல் அங்கே திரும்பி வந்தனர். வூழோவின் தோட்டம் அவர்களுக்கு மீளவில்லை. மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்து பெயர் பெற்றனர். அவர்களோடு ஒரு பகல் செபத்தில் அமர்ந்துவிட்டுத் திரும்பினால் போதும்.

சுவை பார்க்கும் இரண்டு இடங்களில் ஒன்று, தோழருக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் வீடு. தம் மகளோடு சிறிதளவு நிலத்தைப் பயிரிட்டு வருகிறார். 2021 ஏப்ரல் உறைபனியில், நள்ளிரவில் கொடிகளினூடே தீச்சட்டிகளை ஏற்றி வைத்துக் காவல் இருந்து, அப்படியும் பெரும்பகுதியை இழந்த குடும்பம். நேரம் கேட்டு எழுதும்போது நம் பெண்மணியின் கேள்வியையும், இரசம் இல்லாத வீடே இல்லாத ஊரில் ஆண்களை எவ்வாறு காத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுமாறு தோழரைக் கேட்டுக்கொண்டோம். கேட்பது மரியாதையாகாது என்று அவர் தயங்கினார், பின்னர் எழுதினார்.

சென்ற வாரம் பதில் வந்தது. ஜூனில் கொடிகளைக் கம்பிகளுக்கிடையே சேர்த்துக் கட்டும் வேலை மும்முரமாக இருக்கும். ஆதலால் வியாழன் பதினொரு மணிக்கு முன் வர வேண்டாம். நிலவறை குளிரும், மேலங்கி கொண்டுவரவும் என்று முதலில் எழுதியிருந்தார். காத்துக்கொண்டோம் என்று எவர் சொன்னார் என்று அடுத்த வரியில் கேட்டிருந்தார். தம் தமையனைப் பற்றிச் சொல்வதற்கு உண்டு. ஆனால் கடிதத்தில் எழுதும் செய்தியன்று. நேரில் சொல்வதாக இருக்கிறார். கடைசியாக, கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் பெயர் என்னவென்று அறிய விரும்பியிருந்தார்.

பெண்மணியிடம் சொல்லி, அவர் சம்மதம் பெற்று, பெயரை எழுதி அனுப்பியிருக்கிறோம்.